அல் ஐனில் பறந்த வெசாக் கூடு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் முதலில் முட்டிவலி, அப்புறம் சர்க்கரை, அதற்கப்புறம் எப்படியோ வளைகுடாவில் வந்து நிற்கிறோம். பள்ளிக்கூடப் பேருந்தின் தொடையைச் சுடும் ரெக்சின் சீட், ஜன்னல் ஏசியின் உறுமல், வெள்ளிக்கிழமை மதியம் தெருவே மூச்சடக்கிக் கிடப்பது. அங்கே வளர்ந்து திரும்பி வந்த உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் பெரும்பாலும் துபாய்க்காரர்கள், ஷார்ஜாக்காரர்கள், கடல் பார்த்து வளர்ந்தவர்கள். நாங்கள் அல் ஐன். பேரீச்சந்தோப்பு, மணல், ஒரு மொட்டை மலை, அவ்வளவுதான். அந்த ஊரில் ஒரு கோடைத் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் நடந்ததை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பி கே.ஜி. அப்பா ஒரு கட்டுமானக் கம்பெனியில் எஞ்சினியர். அம்மா கோயம்புத்தூரில் டீச்சராக இருந்துவிட்டு எங்களுக்காக வேலையை விட்டு வந்தவள். மூன்று மாடிக் கட்டடத்தில் நடு மாடி எங்களுடையது. மேலே ஒரு சூடானியக் குடும்பம். கீழே நர்ஸ் ஆன்ட்டி.

அந்த வருஷம் அம்மா மாசமாக இருந்தாள். வீட்டில் அதைப் பற்றித்தான் பேச்சு. பாப்பாவுக்குச் சேலைத் தொட்டில்தான் கட்ட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். கூரையில் கொக்கி மாட்ட வாடகைக் கட்டடத்தில் விடவில்லை. அப்பா ஒர்க்‌ஷாப்பில் சொல்லி, இரும்புக் குழாயில் ஒரு தொட்டில் ஸ்டாண்டு செய்து பச்சைப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தார். அம்மா தன் பழைய சுங்குடிச் சேலையைக் கட்டினாள். பாப்பா வரும் வரை தம்பி அதில் படுத்து ஆடினான். பெயின்ட் வாசம் போவதற்காக அறையில் சாம்பிராணி போட்டது எனக்கு இப்போதும் மூக்கில் நிற்கிறது.

பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. மேல் வீட்டு சூடானிய அம்மா எங்களை அழைத்துப்போய் ரொட்டியும் தேனும் கொடுத்தார். அப்பா வந்தது மறுநாள். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, காய்ச்சல், இன்னும் சில நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்றார். பாப்பா எங்கே என்று தம்பி கேட்டான். பாப்பாவை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள் என்றார் அப்பா. அதற்கு மேல் கேட்காதே என்று அவர் முகம் சொன்னது.

அம்மா திரும்பி வந்தபோது பச்சை ஸ்டாண்டு வீட்டில் இல்லை. மஞ்சள் நிறக் குளியல் தொட்டி இல்லை. குட்டிச் சட்டைகள் அடுக்கியிருந்த அலமாரித் தட்டில் அப்பாவின் பழைய பத்திரிகைகள் இருந்தன. எல்லாவற்றையும் அப்பா அவள் வருவதற்குள் யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார். எங்கள் இருவரையும் உட்காரவைத்து, அம்மாவிடம் பாப்பாவைப் பற்றிப் பேசவே கூடாது, பேசினால் அம்மாவுக்கு மறுபடி காய்ச்சல் வரும் என்று சொல்லிவைத்தார். நாங்கள் பயந்துபோய் வாயைக் கட்டிக்கொண்டோம்.

நான் அப்போது நம்பியது என்ன தெரியுமா? பாப்பா ரொம்பச் சின்னதாக இருப்பதால் ஆஸ்பத்திரியில் வைத்து வளர்க்கிறார்கள், கொஞ்சம் பெரிதானதும் கொடுத்துவிடுவார்கள் என்று. படுக்கும்போது சுவரோரம் கொஞ்சம் இடம் விட்டுப் படுப்பேன். தம்பியிடமும் சொல்லியிருந்தேன். அவன் தன் பொம்மை லாரி ஒன்றை அதற்கென்று ஒதுக்கிவைத்தான்.

அம்மா சமைத்தாள், துவைத்தாள், எங்கள் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். ஆனால் அடுப்படியில் பாட்டு நின்றுபோனது. டேப் ரிக்கார்டரை யாரும் தொடவில்லை. மத்தியானங்களில் அவள் படுக்கையறை ஏசிக்கு எதிரே உட்கார்ந்து அதன் தகரப் பட்டைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஊரிலிருந்து போன் வந்தால் அப்பாவே எடுத்து, “நல்லா இருக்காங்க, தூங்கறா” என்று சொல்லி வைத்துவிடுவார். அம்மா பக்கத்து அறையில் முழித்துக்கொண்டுதான் இருப்பாள்.

நர்ஸ் ஆன்ட்டி சிங்களப் பெண். அப்போது ஐம்பதை நெருங்கியிருப்பார். குட்டையான, அகலமான உருவம்; சிரிக்காதபோதும் சிரிப்பதுபோல் ஒரு வாய். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது தமிழ் பேசக் கற்றிருந்தார். அம்மாவை நங்கி என்று கூப்பிடுவார். அவர்கள் மொழியில் தங்கச்சி. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில்தான் அவருக்கும் வேலை, அதுவும் பிரசவ வார்டில். அப்பா அவரைப் படிக்கட்டில் நிறுத்தி, வீட்டுக்கு வாருங்கள், ஆனால் அங்கே நடந்ததைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் மேல்படியில் நின்று கேட்டேன். ஆன்ட்டி, “சரி மாத்தயா, நீங்க சொன்னா சரி” என்றார். மாத்தயா என்றால் ஐயா.

சொன்னபடியே நடந்துகொண்டார். டூட்டி முடிந்து தினமும் மேலே வருவார். என் தலையை வாரி இறுக்கிப் பின்னிவிடுவார். தம்பியின் நகத்தை வெட்டுவார். கொத்தமல்லியும் இஞ்சியும் கொதிக்கவைத்த தண்ணீரை அம்மாவிடம் கொடுத்து, குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இரண்டு பெண்களும் ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அம்மா சில சமயம் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஏன் அந்தக் கைகளை அப்படிப் பார்த்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

மே மாதம் வெயில் ஏறிய நாட்களில் ஆன்ட்டி ஒரு மாலை வந்து, வெள்ளிக்கிழமை எங்கள் வெசாக், புத்தர் பிறந்த வைகாசிப் பௌர்ணமி, பிள்ளைகளைக் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டார். ஊருக்கு வெளியே லேபர் கேம்ப்புகள் இருக்கும் பக்கம் ஒரு மணல் மைதானம். இலங்கைப் பையன்கள் ஒரு மாதமாகச் சாப்பாட்டு ஹாலில் உட்கார்ந்து காகித விளக்குக் கூடு செய்கிறார்கள், இந்த முறை தொங்கவிடுகிற கூடு மட்டும் கிடையாது, வானத்தில் பறக்கவிடுகிற கூடும் உண்டு என்றார். தம்பி குதித்தான். அப்பா யோசித்தார். கூட்டம் ரொம்ப இருக்குமே என்று இழுத்தார்.

அப்போது அம்மா, “நானும் வரேன்” என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளாக ஒன்றை விரும்பிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பாவால் மறுக்க முடியவில்லை.

ஆனாலும் அவருக்குள் தயக்கம் இருந்தது. அந்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். இலங்கையில் சண்டை உச்சத்தில் இருந்த காலம். அப்பாவின் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார். வியாழக்கிழமை சாமான் இறக்க வீட்டுக்கு வந்தவரிடம் அப்பா, கீழ் வீட்டு நர்ஸோடு இந்த மாதிரி ஒரு இடத்துக்குப் போகிறோம், உங்களுக்கு ஒன்றும் வருத்தமில்லையே என்று தயங்கிக் கேட்டார். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, “போயிட்டு வாங்கோ சார். அந்த மிஸ்ஸி எனக்கும் ஊசி போட்டவா. நல்ல மனுசி” என்றார். அவர் தன் தம்பியை அந்தச் சண்டையில்தான் இழந்திருந்தார் என்று பல வருஷம் கழித்து அப்பா சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாவின் வெள்ளைக் காரில் கிளம்பினோம். அம்மா வெள்ளைச் சேலை கட்டலாமா என்று ஆன்ட்டியைக் கேட்டாள். எங்களில் அது துக்கத்துக்கு, அவர்களில் பண்டிகைக்கு. கடைசியில் இளமஞ்சள் கட்டினாள். ஆன்ட்டி வெள்ளைச் சேலையில் முன் சீட்டில், மடியில் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு. கேம்ப் பக்கம் திரும்பியதுமே பஸ்கள் வரிசையாக நின்றன. ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அத்தனை பேரும் வெள்ளை. வெள்ளைக் கைலி, வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பாவாடை. வாரம் முழுக்க நீல டிரஸ்ஸில் சிமென்ட் தூசியோடு அப்பா பார்த்த ஆட்கள். அப்பாவுக்கே சில பேரை அடையாளம் தெரியவில்லை. வீட்டு வேலை செய்யும் பெண்கள், அன்றைக்கு மட்டும் வெளியே விடப்பட்டவர்கள், ஒருவரையொருவர் பார்த்துக் கட்டிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். தாய்லாந்துக்காரர்கள், நேபாளிகள், பர்மாக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

மாலை மக்ரிப் தொழுகை முடியும் வரை யாரும் மைக்கைத் தொடவில்லை. மைதானத்தின் ஓரத்தில் ஒரு தீயணைப்பு வண்டி நின்றது. கேம்ப்பின் அரபி முதலாளி போலீஸில் அனுமதி வாங்கிக் கொடுத்தபோது போட்ட நிபந்தனை அது. வண்டியில் வந்த இரண்டு அரபு இளைஞர்களுக்கும் யாரோ காகிதக் கூம்பில் கொண்டைக்கடலை கொடுத்திருந்தார்கள். தேங்காய்க் கீற்றும் காய்ந்த மிளகாயும் போட்டு வதக்கியது. அவர்கள் காரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டே இன்னொரு கூம்பு கேட்டார்கள். இந்த விருந்துக்குத் தன்சல் என்று பெயர். வருகிறவர் யாரானாலும் சாப்பாடு இலவசம். தகர ட்ரம்மில் ஐஸ் மிதக்கும் எலுமிச்சைத் தண்ணீர். அவித்த மரவள்ளிக் கிழங்கு, தேங்காய்ச் சம்பல். தம்பி அப்பாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு அவர் தலையிலேயே கடலையைச் சிந்தினான்.

துபாயிலிருந்து வந்திருந்த பிக்கு ஒருவர் வெள்ளைத் துணி போர்த்திய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஓதினார். அவ்வளவு பெரிய கூட்டமும் மணலில் மண்டியிட்டு அமர்ந்தது. நாங்களும் உட்கார்ந்தோம். பகலின் சூடு மணலுக்குள் இன்னும் இருந்தது. பாவாடை வழியாகக் காலில் ஏறியது. நிலா மேலே வந்துவிட்டது. தூரத்தில் மலைப் பாதை விளக்குகள் வளைந்து வளைந்து ஏறின. ஓதி முடித்ததும் கூடுகளைக் கொண்டுவந்தார்கள். மெல்லிய காகிதம், கம்பி வளையம், நடுவில் மண்ணெண்ணெயில் தோய்த்த பஞ்சு. ஒரு கூட்டை நாலு பேர் பிடிக்க வேண்டும். பஞ்சைப் பற்றவைத்ததும் காகிதம் மெதுவாக உப்பும். அவசரப்பட்டு விட்டால் சாய்ந்து எரிந்துவிடும். கூடே நம் கையை மேலே இழுக்க வேண்டும், அப்போதுதான் விட வேண்டும்.

எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. ஆன்ட்டி, அம்மா, அப்பா, நான், ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தோம். தம்பி அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றான். ஆன்ட்டி தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டு நின்றார்.

“நங்கி, இது விடும்போது நாங்க செத்துப்போனவங்களுக்குப் புண்ணியம் குடுக்கிறது. மனசுல பேர் சொல்லணும். உங்களுக்கு யாரும் இருந்தா சொல்லலாம்.”

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் சொல்வதை எங்களுக்கும் சொன்னார். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை மீறும் எண்ணம் அவருக்கு இருந்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை.

அம்மா கம்பி வளையத்தைப் பிடித்தபடியே, “பேர் வைக்கலையே அக்கா” என்றாள்.

அப்பா, “வேண்டாம், வா, போலாம்” என்று மெதுவாகச் சொன்னார். அம்மா நகரவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. ஆன்ட்டியையே பார்த்துக் கேட்டாள்.

“நீங்க பாத்தீங்களா? அன்னைக்கு நீங்கதானே டூட்டி?”

ஆன்ட்டி அப்பாவைப் பார்த்தார். எத்தனையோ பேர் எங்களைச் சுற்றிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதற்காக அவருக்கு நான் எப்போதும் நன்றி சொல்லிக்கொள்வேன்.

“பார்த்தேன்தானே” என்றார் ஆன்ட்டி. “நான்தானே குளிப்பாட்டினது. பொம்பளப் புள்ள. நல்ல கறுப்பு முடி, நிறைய. இங்க, தாடையில, மாத்தயாவுக்கு இருக்கிற மாதிரி குழி. வெள்ளைத் துணி சுத்தி நான்தான் மாத்தயா கையில குடுத்தேன். முகம் தூங்குற மாதிரி இருந்துச்சு நங்கி. கஷ்டப்பட்ட முகம் இல்ல.”

பாப்பா வரப்போவதில்லை என்பதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன், காகிதக் கூட்டின் ஒரு ஓரத்தைப் பிடித்தபடி. அழ வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கத்தான் தோன்றியது. அவள் அழுதாள். ஆனால் ஏசிக்கு எதிரே உட்கார்ந்திருந்தவளின் முகம் அது இல்லை. எங்கள் பழைய அம்மா அழுதாள்.

“எங்கிட்ட ஏங்க சொல்லல?” என்று அப்பாவைக் கேட்டாள்.

“நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன்.”

“நீங்க தாங்குனீங்களா?”

அப்பா வளையத்தை விடாமல் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். அவர் காலைக் கட்டியிருந்த தம்பி மேலே அண்ணாந்து பார்த்து, அப்பா அழுகிறார் என்று எல்லோருக்கும் அறிவித்தான். பக்கத்துக் கூட்டைப் பிடித்திருந்த, முன்பின் தெரியாத ஒரு பையன் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினான். எதற்கு என்று கேட்கவில்லை. அந்த மைதானத்தில் அன்றைக்கு நிறையப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். ஊரில் அம்மாவின் சாவுக்குப் போக முடியாதவர்கள், தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாதவர்கள். எங்கள் அழுகை அதில் ஒன்றாகக் கலந்துபோனது.

ஆன்ட்டி பஞ்சைப் பற்றவைத்தார். மண்ணெண்ணெய் வாசம். காகிதம் சுருக்கம் விட்டு நிமிர்ந்தது. அம்மாவின் முகம், அப்பாவின் முகம், இரண்டும் ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தன. அம்மா ஒரு பெயரைச் சொன்னாள். மனதுக்குள் சொல்லச் சொன்னார்கள், அவள் வாய்விட்டே சொன்னாள். அதை முன்பே யோசித்து வைத்திருந்தாள் என்பது சொன்ன விதத்திலேயே தெரிந்தது. அப்பா அதை ஒருமுறை திருப்பிச் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது எங்கள் வீட்டுக்குள் இருக்கட்டும்.

கூடு கையை இழுத்தது. விட்டோம். முதலில் எங்கள் தலைக்கு மேலேயே தயங்கி நின்றது. பிறகு காற்று பிடித்துக்கொண்டது. அதற்குள் சுற்றிலும் நூறு கூடுகள் கிளம்பிவிட்டன. மைதானம் முழுக்க ஒரே குரலாக “சாது, சாது” என்று வாழ்த்தியது. தீயணைப்பு வண்டி இளைஞர்களில் ஒருவர் வண்டிக் கூரை மேல் ஏறி நின்று, குழந்தை மாதிரி வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். எது எங்களுடையது என்று தம்பி கொஞ்ச நேரம் விரலால் காட்டிக்கொண்டே வந்தான். பிறகு அவனுக்கும் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை அப்பா எங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார். ஊருக்கு வெளியே, மற்ற மதத்தவர்களுக்கான இடுகாடு. தாழ்ந்த மதில், இரும்புக் கதவு, உள்ளே ஒரே ஒரு வேப்பமரம். அப்பா கதவைத் தட்டுவதற்கு முன்பே காவலாளியான வயதான பட்டாணியர் திறந்துவிட்டார். அப்பாவுக்குச் சலாம் வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே உள்ளே போய் ஒரு தண்ணீர்க் கேனை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். “இன்னைக்குக் குடும்பத்தோடவா, நல்லது, நல்லது” என்று இந்தியில் சொன்னார்.

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாரா வாரம் அங்கே வந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இந்த மனுஷன் மறந்துவிட்டார் என்று அவள் நினைத்திருந்தாள். இவளை மறக்கவைத்துவிடலாம் என்று அவர் நினைத்திருந்தார். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே துக்கத்தை ஆளுக்கு ஒரு மூலையில் ஒளித்துவைத்திருந்தார்கள். கேனை அவர் கையிலிருந்து அம்மா வாங்கிக்கொண்டாள். சின்ன மண்மேடு, சுற்றி வெள்ளைக் கூழாங்கல். அம்மா கீழே உட்கார்ந்து, குழந்தையின் தலைக்குத் தண்ணீர் விடுவதுபோல் கையால் அணைகட்டி மெதுவாக ஊற்றினாள். தம்பி தன் பொம்மை லாரியைக் கொண்டுவந்திருந்தான். அதை மேட்டின் மேல் வைத்தபோது அவனை யாரும் தடுக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் மறுபடி பாட்டுக் கேட்டது என்று சொன்னால் கதைபோல் இருக்கும். அப்படி உடனே கேட்கவில்லை. ஆனால் ஊரிலிருந்து போன் வந்தால் அம்மாவே எடுத்தாள். சில நாள் போனிலேயே அழுதாள். சாப்பிடும்போது ஒரு நாள் அப்பாவின் தாடைக் குழியைத் தொட்டுப் பார்த்தாள். நாங்கள் இருவரும் வெட்கப்பட்டுச் சிரித்தோம். கோடை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது, ஒரு வழியாக எங்கள் வீடு எங்கள் வீடாகியிருந்தது.

நர்ஸ் ஆன்ட்டி இன்னும் மூன்று வருஷம் கீழே இருந்தார். பிறகு ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனார். நமக்கெல்லாம் தெரிந்ததுதானே, அங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் விசாவோடு வந்து விசாவோடு போய்விடுவார்கள். கொஞ்ச நாள் வாழ்த்து அட்டைகள் வந்தன. அப்புறம் நாங்கள் ஊர் திரும்பினோம், விலாசங்கள் மாறின, அவர் எங்கே என்று தெரியாமல் போனது. அன்றிரவு அவர் சொன்னது ஏழெட்டு வாக்கியம் இருக்கும். அவ்வளவும் உண்மை, ஒன்றுகூட ஆறுதலுக்காகச் சேர்த்தது கிடையாது. அப்பா இருந்த வரைக்கும் வைகாசிப் பௌர்ணமி அன்று, “அந்தம்மா நல்லா இருக்கணும்” என்று சொல்வார். இப்போது நான் சொல்கிறேன்.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. என்னோடுதான் இருக்கிறாள். போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போயிருந்தேன். சொட்டு மருந்து விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்த இளம் நர்ஸ் பேச்சுக் கொடுத்தாள். எத்தனை பிள்ளைகள் பாட்டி என்று கேட்டாள்.

“மூணு பேரு கண்ணு. இவ மூத்தவ. பையன் பெங்களூரு.”

“இன்னொருத்தங்க?”

அம்மா கண்ணை மூடியபடியே சொன்னாள்.

“சின்னவ அல் ஐன்ல இருக்கா.”